திகில் படம் பார்த்துவிட்டு நண்பர்களோடு நிறவெறியைப் பற்றிப் பேசுவது எப்படி

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாராவது ஒருவர், "அப்போ டைரக்டர் என்னதான் சொல்ல வர்றார்?" என்று ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த ஒரு மணி நேரம் இரண்டு பேர் மட்டும்தான் பேசுவார்கள். மற்றவர்கள் தட்டு டம்ளர்களை எடுத்து வைக்கப் போய்விடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "எந்த இடத்துல பயந்தீங்க?" இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். அரசியல் பேசிப் பழக்கமே இல்லாதவரிடமும் இருக்கும். நிறவெறியைத் தொடும் திகில் படத்தில் பயந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஏன் மாறுகிறது என்று கேட்கத் தொடங்கினால் பேச்சு தானாக நடக்கும்.

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் படம். வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அலபாமாவில் பிறந்து வளர்ந்த என் அலுவலகத் தோழி ஒருத்தி, கறுப்பினத்தவள், கணவரோடு வருவாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தம்பதி, கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் யாருடைய அப்பாவோ அம்மாவோ. இந்தக் கூட்டத்தில் அமெரிக்க நிறவெறியைப் பேசுவது எளிதல்ல. எங்களில் பலருக்கு அது வேறு யாருக்கோ நடந்த கதை. அந்தத் தூரம் இல்லாதவர்களுக்கு, ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம். திகில் படம் அந்தத் தூரத்தையும் தயக்கத்தையும் ஒரே சமயத்தில் குறைப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் குறிப்புகள். படங்களின் முடிவுகளையும் சொல்லப்போகிறேன். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது

ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய 'கெட் அவுட்'. என் யோசனையில் வேறு பேச்சே இல்லை. கிறிஸ் என்ற கறுப்பின இளைஞன், தன் வெள்ளைக்காரக் காதலி ரோஸின் பெற்றோர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறான். இவ்வளவுதான் தொடக்கம். மாமனார் வீட்டுக்கு முதலில் போகும் பதற்றம் புரியாத ஆள் யாரும் இல்லை. ஒரு மணி நாற்பத்து நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், அதன்பிறகு பேச நேரம் இருக்கும். "பேய்ப்படமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும் பெரியவர்களிடம் இது ஆஸ்கர் வாங்கிய படம் என்று சொல்லுங்கள். சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை முதன்முதலில் வென்ற கறுப்பினத்தவர் பீல்தான். ரத்தம் இருக்கிறது, கடைசிப் பகுதியில் நிறையவே. சின்னப் பிள்ளைகளை மேலே தூங்கவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

செலவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அதனால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்து. இணையத்தில் சட்டப்படியே இலவசமாகப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம். வேகம் மெதுவாகத்தான் இருக்கும். முதல் கூட்டத்துக்கே இதைப் போட்டால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். இரண்டாவதாக வையுங்கள்.

தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டியது

மிகக் குறைவு. விமர்சனம் படித்துவிட்டு வராதீர்கள் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுவேன். 'கெட் அவுட்'டுக்கு நான் முன்னால் சொல்வது ஒரே ஒரு விஷயம்: பராக் ஒபாமா பதவியிலிருந்து இறங்கிய அடுத்த மாதம், 2017 பிப்ரவரியில் வெளிவந்த படம் இது. கறுப்பினத்தவர் ஒருவர் எட்டு வருடம் நாட்டை ஆண்டுவிட்டார், இனி நிறப் பிரச்சினை ஏது என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட கதை. ரோஸின் அப்பா வாய் திறந்ததும், முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்பார். அந்த வசனம் ஏன் உறுத்துகிறது என்பதைப் பார்ப்பவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆளுக்கு ஒரு துண்டுத்தாளும் பேனாவும் கொடுங்கள். பயந்த இடத்தை, அல்லது உடம்பு கூசிய இடத்தை, இரண்டு மூன்று சொல்லில் குறித்துக்கொள்ளட்டும். கருத்து எழுத வேண்டாம். சப்டைட்டில் போடுங்கள், கிறிஸின் நண்பன் ராட் பேசும் வேகத்தில் பாதி வசனம் தப்பிவிடும். நடுவில் நிறுத்தக் கூடாது. முன்பே பார்த்தவர்கள் "இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் இந்த விதி என் கணவருக்காகவே வந்தது.

முதல் சுற்று: பயந்த இடம்

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஓர் இடம் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. சுற்று முடிந்த பிறகு நான் எல்லோரையும் ஒரு காட்சிக்குத் திருப்பிக் கூட்டிப்போவேன். 'கெட் அவுட்' பார்க்கிற எந்தக் குழுவும் இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது என்பது என் திடமான எண்ணம்.

படத்தின் கடைசி. ரோஸின் குடும்பம், கறுப்பினத்தவரை வரவழைத்துப் பிடித்து, பணம் கொடுப்பவர்களின் மூளையை அவர்கள் உடம்பில் வைக்கும் குடும்பம். ரோஸ்தான் தூண்டில். கிறிஸ் தப்பித்து வெளியே வந்துவிட்டான். நடுச்சாலையில் ரோஸ் குண்டடி பட்டுக் கிடக்கிறாள். கிறிஸ் அவள்மேல் குனிந்திருக்கிறான், உடம்பெல்லாம் ரத்தம். அப்போது சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல ஒரு கார் வருகிறது. அவன் இரண்டு கைகளையும் தூக்குகிறான். அவள், உதவி வந்துவிட்டது என்று குரல் கொடுக்கிறாள். கார்க் கதவு திறப்பதற்கு முன் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் உங்களுக்கு என்ன தோன்றியது?

மற்ற எந்தத் திகில் படத்திலும் போலீஸ் விளக்கு தெரிந்தால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முதல் தடவை பார்த்தபோது ஒரு அண்ணா, "அப்பாடா, போலீஸ் வந்துட்டாங்க" என்றார், வாய்விட்டே சொன்னார். அதே நொடியில் என் தோழி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கியது ராட். விமான நிலையப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன், நண்பனைத் தேடி வந்திருக்கிறான். அறையே கைதட்டியது. ஆனால் பேச்சு தொடங்கியதும் அந்த அண்ணாவே தோழியைப் பார்த்து, ஏன் முகத்தை மூடிக்கொண்டீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னது நீளமாக ஒன்றும் இல்லை. அந்தச் சாலையில் பார்ப்பவர் கண்ணுக்கு யார் குற்றவாளி, சொல்லுங்கள் என்றாள். அவர் அந்தக் காட்சியை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். நான் எத்தனை கட்டுரை அனுப்பியிருந்தாலும் அவருக்கு அது புரிந்திருக்காது.

இந்த இடத்தில்தான் அடுத்த தகவலைச் சொல்ல வேண்டும், அதற்கு முன் கூடாது. பீல் முதலில் எடுத்த முடிவு வேறு. வருவது நிஜப் போலீஸ். கிறிஸ் சிறைக்குப் போகிறான். அந்தக் காட்சியும் படமாக்கப்பட்டு டிஸ்க்கில் கூடுதலாக வெளிவந்திருக்கிறது. எந்த முடிவு நடக்கக்கூடியது, எந்த முடிவு உங்களுக்குத் தேவைப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்பவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

போலீஸ் பேச்சு வந்துவிட்டால் தொடக்கத்தில் மான் மோதும் காட்சிக்கும் போய்வாருங்கள். கார் ஓட்டியது ரோஸ். போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்பது கிறிஸிடம். ரோஸ் சண்டை போடுகிறாள். முதல் தடவை பார்க்கும்போது எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போகும் இடம் அதுதான். கதை முழுதும் தெரிந்தபின் இன்னொரு தடவை பாருங்கள். கிறிஸ் அவளோடு அந்தச் சாலையில் வந்தான் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அவள் சண்டை போட்டாள் என்று படும். நல்லவர் போல் பேசுவதற்கும் நல்லது செய்வதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது.

அந்தத் தெரு நம் தெரு

சிலர் முதல் காட்சியையே பயந்த இடமாகச் சொல்வார்கள். இரவு, அழகான புறநகர்த் தெரு, வெட்டிச் சீராக்கிய புல்வெளி. ஒரு கறுப்பின இளைஞன் வழி தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறான். ஒரு கார் திரும்பி வந்து அவன் பின்னாலேயே ஊர்கிறது. அவன் பயந்து வந்த வழியே திரும்பப் பார்க்கிறான். இருட்டுச் சந்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் பெண் பயப்படுவதைத் திரையில் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே பயம் தருவது புல்வெளியும் வீட்டு வாசல் விளக்குகளும்.

எங்களுக்கு இது வெறும் படமாக இல்லை. நாங்கள் வீடு வாங்கியிருப்பது அதே மாதிரித் தெருவில். இந்தக் காட்சி பேச்சில் வந்தால், தங்கள் போனில் இருக்கும் அழைப்புமணி கேமரா செயலியைத் திறந்து, அக்கம்பக்கத்தார் கடைசியாகப் போட்ட "சந்தேகத்துக்குரிய நபர்" பதிவைப் படிக்கச் சொல்வேன். விருப்பமிருந்தால்தான். நடந்து போனார், வீடுகளைப் பார்த்தார், தொப்பி போட்டிருந்தார். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். 2012 பிப்ரவரியில் புளோரிடாவின் சான்ஃபோர்டில், கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த 17 வயது டிரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்றவர், அந்தக் குடியிருப்பின் காவல் குழுத் தன்னார்வலர். இந்தப் பெயரை யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஊரின் வரலாற்றையும் ஒன்று கையில் வைத்திருங்கள். நான் சொல்வது சிசரோ. எங்கள் பக்கத்திலிருந்து சிகாகோ போகும் வழியில்தான் இருக்கிறது. 1951 ஜூலையில் ஒரு கறுப்பினக் குடும்பம் அங்கே வாடகைக்குக் குடிவந்தது என்பதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் திரண்டு அந்தக் கட்டடத்தைச் சூறையாடினார்கள். கூட்டத்தை அடக்க மாநில ஆளுநர் நேஷனல் கார்டு படையை அனுப்ப வேண்டியிருந்தது. தினம் ரயிலில் அந்தப் பக்கமாகப் போய்வருகிறவர்களுக்கே தெரியாத செய்தி இது. அந்த முதல் காட்சியின் பயத்துக்கு முகவரி இருக்கிறது என்று அப்போது புரியும்.

இரண்டாவது கேள்வி: யாரிடமிருந்து எதை எடுக்கப் பார்க்கிறார்கள்?

நிறவெறி என்றால் வெறுப்பு, திட்டு, அடி என்ற எண்ணத்தோடுதான் பலரும் வருவார்கள். 'கெட் அவுட்'டில் யாரும் கிறிஸை வெறுப்பதில்லை. எல்லோரும் புகழ்கிறார்கள். ஒருவர் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸைத் தெரியும் என்கிறார், ஒரு அம்மாள் கையைத் தொட்டுப் புஜத்தை அமுக்கிப் பார்க்கிறார், கறுப்புதான் இப்போது ஃபேஷன் என்கிறார் இன்னொருவர். பார்வையற்ற ஓவிய வணிகர் ஒருவருக்கு அவன் கண்கள் வேண்டும். பிறகு தோட்டத்தில் பேச்சில்லாமல் பிங்கோ ஆட்டம் நடக்கிறது; கிறிஸின் படத்தை வைத்து ஏலம். அடிமைச் சந்தையில் பல்லைப் பார்த்து, தோளைத் தட்டி விலை பேசியதன் நேர் வாரிசு அது. "இவங்களுக்கு அவனைப் பிடிச்சிருக்கே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டால் சந்தோஷப்படுங்கள். மிக நல்ல கேள்வி. என்ன பிடித்திருக்கிறது, எந்த விலைக்குப் பிடித்திருக்கிறது என்று குழுவே பதில் தேடட்டும்.

அறுவைச் சிகிச்சை அறையைப் பற்றி என் தோழி ஒன்று சொன்னாள். அவள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே சந்தேகம். காரணம் அவர்கள் மாநிலத்திலேயே நடந்தது. அலபாமாவின் டஸ்கீகி பகுதியில், 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் எப்படி முற்றுகிறது என்று ஆராய்ந்தது. நோய் இருந்தவர்களுக்கு என்ன நோய் என்றுகூடச் சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதைக் கேட்டபின் அந்த அறைக் காட்சியை யாரும் கற்பனை என்று ஒதுக்கவில்லை.

சில விஷயங்களை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் கிறிஸ் எதைப் பிய்த்துக் காதில் அடைத்துத் தப்பிக்கிறான்? பஞ்சு. பருத்தி. எங்கள் குழுவில் இதைப் பிடித்தது என் தங்கை மகன்தான். "பெரியம்மா, அவன் பருத்தி எடுக்கிறான்!" என்று கத்தினான். அமெரிக்க அடிமை முறையே பருத்திக் காட்டின்மேல் நின்றது என்பதை அவன் பள்ளியில் படித்திருக்கிறான். அன்றைக்குத்தான் அது அவனுக்குள் இறங்கியது. நீங்கள் முந்திக்கொண்டால் அந்தக் கத்தல் கிடைக்காது.

தோட்டத்து விருந்தில் நிற்கும் ஆசியர்

இந்தியர்கள் இருக்கும் குழு இந்தக் காட்சியில் நின்றே ஆக வேண்டும். வந்திருக்கும் விருந்தினர் எல்லோரும் வெள்ளையர் அல்ல. வயதான ஜப்பானியர் ஒருவர் இருக்கிறார். இந்தக் காலத்தில் கறுப்பினத்தவராக இருப்பது அனுகூலமா பிரதிகூலமா என்று அவர் கிறிஸிடம் கேட்கிறார். சில நொடிக் காட்சி, பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதைத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள்: "இவர் எந்தப் பக்கம் நிக்கிறார்? நாம அந்தத் தோட்டத்துல இருந்தா எங்க நின்னிருப்போம்?"

அதன்பின் வரும் அமைதியை நிரப்பாதீர்கள். எங்கள் வீட்டில் நீண்ட நேரம் கழித்து ஒருவர், "நாம உழைச்சு முன்னேறினோம், யார் சொத்தையும் எடுக்கலையே" என்றார். நியாயமான பேச்சுதான், அவர் உழைத்ததை நான் அறிவேன். அதற்குப் பதிலாக இரண்டு வருடங்களைச் சொன்னேன். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965இல் வந்த குடியேற்றச் சட்டம்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய வருடம் சிவில் உரிமைச் சட்டம், அதே 1965இல் வாக்குரிமைச் சட்டம். கறுப்பினத்தவர்கள் அடிபட்டு, சிறைபட்டு நடத்திய போராட்டத்தின் அலையில் வந்தது நம் விசா. இதைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லக் கூடாது. நன்றியோடு சொன்னால் கேட்பவர் காது திறந்திருக்கும்.

பேச்சு சிக்கிக்கொள்ளும் இடங்கள்

கறுப்பின நண்பர் ஒருவர் அறையில் இருந்தால், எல்லாத் தலைகளும் அவர் பக்கமே திரும்பும். "உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?" இந்தக் கேள்வி வரவே கூடாது. கூட்டம் நடத்துபவர் அதற்குப் பொறுப்பு. அவர் தானாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் அவரும் உங்களைப் போல் படம் பார்க்க வந்தவர்தான். என் தோழியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன், இன்று பேசும் மனநிலையா, சும்மா பார்க்கும் மனநிலையா என்று. இன்னொன்று, இதுவும் முக்கியம்: பேச்சு சூடாகும்போது நாம் நம்மை அறியாமல் தமிழுக்கு மாறிவிடுவோம். மாறாதீர்கள். நிறத்தைப் பற்றி, நமக்கு மட்டும் புரியும் மொழியில், அவர்கள் எதிரிலேயே பேசுவது மிகவும் புண்படுத்தும்.

"நம்ம ஊர் சாதி மாதிரிதான் இதுவும்." இது எப்படியும் வரும், சீக்கிரமே வரும். அதைத் தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் எடுங்கள். உடனே எடுத்தால் படத்தை விட்டு வெளியே போய்விடுவோம், அமெரிக்காவையும் பேசாமல் சாதியையும் பேசாமல் இரண்டும் ஒன்று என்ற வாக்கியத்தோடு முடித்துக்கொள்வோம். காட்சி வழியாக வந்தால் அது வேறு விதமாக வரும். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, வீட்டு வேலை செய்யும் ஜார்ஜினா சிரித்துக்கொண்டே கண்ணீர் விடும் காட்சியைத்தான் பயந்த இடமாகச் சொன்னார். அதற்குமேல் அன்று பேசவில்லை. கிளம்பும்போது என்னிடம், "எங்க வீட்டுல வேலை செஞ்சவளும் எது கேட்டாலும் இப்படித்தான்மா சிரிப்பா. ஒண்ணுமில்லம்மாம்பா. நாங்க அவளை அடுக்களைக்குள்ள விட்டதில்ல" என்றார். சாதியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டதிலேயே உண்மையான பேச்சு அது.

"படத்தைப் படமா பார்க்கலாமே, எல்லாத்துலயும் ஏன் நிறத்தைத் தேடறீங்க?" இதைச் சொல்பவரை மடக்காதீர்கள். அவருக்காகத்தான் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' இருக்கிறது. அதில் நாயகன் பென் பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்பட்டதே இல்லை. நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ்தான் சிறப்பாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்று ரொமேரோவே சொல்லியிருக்கிறார். ஆக, கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தின் கடைசியைப் போடுங்கள். இரவு முழுதும், எழுந்து நடமாடும் பிணங்களோடு போராடி உயிரோடு மிஞ்சியவன் பென் ஒருவன்தான். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. இறைச்சிக் கொக்கிகளோடு உடலை இழுக்கும் அசையாப் புகைப்படங்கள் வரிசையாக வர, படம் முடிகிறது. கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டு அருகில் நின்று படம் எடுத்துக்கொண்ட காலம் இருந்த நாடு இது. முடித்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு ரொமேரோ நியூயார்க் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது, 1968 ஏப்ரல் 4. அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் படம் வெளியானபோது, பார்க்க வந்தவர்கள் அந்த ஏப்ரலைச் சுமந்துகொண்டுதான் வந்திருப்பார்கள். எடுத்தவர் நினைக்காத அர்த்தம் ஒரு படத்துக்குள் வருமா? இதில் எங்கள் குழு ஒரு மணி நேரம் சண்டை போட்டது, நல்ல சண்டை.

யாருடைய துன்பம் பெரியது என்ற ஒப்பீடு தொடங்கினால் மட்டும் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். திரும்பி வந்து அடுத்த காட்சிக்குப் போவேன்.

கறைபடிந்த படத்தையும் எடுங்கள்

நல்ல கருத்துள்ள படங்களை மட்டுமே எடுத்தால் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள். அதனால் 1992இல் வந்த 'கேண்டிமேன்'. இங்கிலாந்தின் லிவர்பூலில் நடக்கும் ஒரு சிறுகதையை, இயக்குநர் பெர்னார்ட் ரோஸ் சிகாகோவின் கேப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்புக்கு மாற்றினார். அடிமையின் மகனான ஓவியன். வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்ததற்காக அவன் கையை அறுத்து, தேனீக்களை ஏவிக் கொன்றார்கள். அவன்தான் பேய். ஆனால் திரையில் நாம் காண்பது, வெள்ளைக்காரப் பெண்ணைத் துரத்தும் கறுப்பு ஆண். 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம், கறுப்பின ஆண் என்றாலே வெள்ளைப் பெண்ணுக்கு ஆபத்து என்று காட்டி, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாக்கியது. வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அந்தப் பழைய பயத்தை 'கேண்டிமேன்' தோலுரிக்கிறதா, திரும்ப விற்கிறதா? என் பார்வையில் இரண்டையும் செய்கிறது. என் தோழி இரண்டாவதை மட்டும்தான் செய்கிறது என்கிறாள். இந்த வழக்கைத் தீர்க்க வேண்டாம்.

இதில் நின்று பார்க்க வேண்டிய காட்சி, நாயகி ஹெலன் தன் சொகுசு ஃபிளாட்டும் கேப்ரினி-கிரீன் போன்ற அரசுக் குடியிருப்பாகவே கட்டப்பட்டது என்று விளக்கும் இடம். ஒரே மாதிரிக் கட்டடம், ஒரே மாதிரி அறைகள். ஒன்றுக்குச் சுவர் பூசி, நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். பயம் கட்டடத்தில் இல்லை, யாரை எங்கே அடைத்தார்கள் என்பதில் இருக்கிறது. சிகாகோப் பக்கம் இருப்பவர்கள் படம் பார்த்த மறுநாள் அங்கே போய்வரலாம். கடைசி உயர்மாடிக் கட்டடம் 2011இல் இடிக்கப்பட்டது. புதிய அடுக்ககங்களுக்குப் பக்கத்தில் பழைய வரிசை வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. நாங்கள் போனோம். அங்கே இருந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருவர் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் பேசினோம்.

அடுத்ததாக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: 2025இல் வந்த ரையன் கூக்லரின் 'சின்னர்ஸ்'. 1932, மிசிசிப்பி டெல்டா, ரத்தக் காட்டேரிகள். அதில் வரும் சீன மளிகைக்காரத் தம்பதி கிரேஸ், போ இருவரையும் விட்டுவிடாதீர்கள். ஒரே தெருவில் எதிரெதிராக அவர்களுக்கு இரண்டு கடைகள், ஒன்று கறுப்பினத்தவருக்கு, ஒன்று வெள்ளையருக்கு. டெல்டாவில் அப்படிச் சீனக் கடைக்காரர்கள் நிஜமாகவே இருந்தார்கள். மகள் ஒரு கடையிலிருந்து தெருவைக் கடந்து மற்றதற்குப் போவதைக் கேமரா விடாமல் பின்தொடர்கிறது. அந்த நடையை இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள். பின்னால், யாராவது அழைத்தால்தான் உள்ளே வர முடிகிற காட்டேரிகள் தன் மகளைக் குறிவைத்து மிரட்டியதும், கிரேஸ் அவர்களை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் அதனால் ஆபத்து. அவள் செய்தது சரியா என்பதில் எங்கள் குழு இன்னும் பிரிந்தே நிற்கிறது. நான் அவள் பக்கம், என் கணவர் எதிர்ப்பக்கம்.